டோக்கியோ டிஸ்னி பூங்காக்கள்: ஜப்பானிய மொழி தெரியாமல் குடும்பத்தோடு செல்ல முடியுமா?

வைகறைப்பறவை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் நானும் என் கணவரும், 7 வயது மகளையும் 68 வயதான மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஜப்பான் செல்கிறோம். டோக்கியோவில் தங்கும் நாள்களில் இரண்டு நாள்களை டிஸ்னி பூங்காக்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். முதல் நாள் டிஸ்னிலேண்ட், மறுநாள் டிஸ்னிசீ. எங்கள் நால்வரில் ஒருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. எனக்கும் கணவருக்கும் ஆங்கிலம் தெரியும். மாமியாருக்குத் தமிழ் மட்டுமே.

ரயிலில் ஏறுவது, விடுதியில் அறை எடுப்பது போன்றவற்றை எப்படியும் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறேன். பூங்காவை நினைத்தால்தான் தயக்கமாக இருக்கிறது. சவாரிக்கு முன் சொல்லப்படும் பாதுகாப்பு அறிவுரைகள் புரியாமல் போனால் என்ன செய்வது? ஒரு சவாரியின் கதை முழுவதும் ஜப்பானியத்திலேயே சொல்லப்பட்டால், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற குழந்தை ஒன்றும் விளங்காமல் வெளியே வந்து அழமாட்டாளா? கூட்டத்தில் அவள் கைநழுவிப் போய்விட்டால் யாரிடம், எந்த மொழியில் கேட்பது? ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டி ஒருவரைக் கட்டணம் கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். அந்தச் செலவு தேவையா என்பதை, நேரில் சென்று வந்தவர்கள் தயவுசெய்து தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

நடைவழி எழுதியது:

வணக்கம் சகோதரி. நாங்கள் இருமுறை சென்று வந்திருக்கிறோம். இரண்டாம் முறை என் பெற்றோரும் உடன் வந்தார்கள். வழிகாட்டி தேவையில்லை என்பதே என் கருத்து. மொழி தெரியாததால் வரும் தொல்லையில் பெரும்பகுதி பூங்காவுக்குள் இல்லை, கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. அதை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தீர்த்துவிடலாம்.

பூங்காவின் அதிகாரபூர்வச் செயலி ஆங்கிலத்திலும் இயங்கும். நுழைவுச்சீட்டு வாங்குவது, எந்தச் சவாரிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பார்ப்பது, சில உணவகங்களில் முன்கூட்டியே உணவு கேட்டு வைப்பது ஆகிய எல்லாம் அதன் வழியாகவே நடக்கின்றன. வாயிலில் போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிக் கிளம்பிவிடாதீர்கள். சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும். 2023 அக்டோபரில் அமலுக்கு வந்த கட்டணப்படி, பெரியவர் ஒருவருக்கு ஒரு பூங்காவுக்கு 7,900 யென் முதல் 10,900 யென் வரை ஆகும். நால்வரின் சீட்டுகளையும் ஒரே கைப்பேசியில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் மாமியார் எதையும் கையாள வேண்டியிருக்காது.

பிரீமியர் ஆக்சஸ் என்று ஒன்று உண்டு. தனியாகப் பணம் செலுத்தினால் நீண்ட வரிசையைத் தவிர்த்து, குறித்த நேரத்தில் சவாரிக்குள் செல்ல இது உதவும். ஒருவருக்கு, ஒரு சவாரிக்கு 1,500 முதல் 2,500 யென் வரை கொடுத்திருக்கிறோம். பூங்காவுக்குள் நுழைந்த பிறகுதான் இதை வாங்க முடியும். முதல் பயணத்தில் நாங்கள் தடுமாறியது இந்த இடத்தில்தான், அதற்கும் ஜப்பானிய மொழிக்கும் தொடர்பே இல்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் உள்ளூர் இணையச் சிம்மைப் போட்டுவிட்டு, ஊரில் பயன்படுத்தும் சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பணம் செலுத்தும்போது என் வங்கி அனுப்பிய ஒருமுறைக் கடவுச்சொல் அந்தச் சிம்முக்குப் போயிற்று. அந்தச் சிம்மோ விடுதி அறையில் இருந்தது. வேறு வழியின்றி 130 நிமிடம் வரிசையில் நின்றோம். ஆகவே பழைய சிம்மும் கைப்பேசியிலேயே இருக்கட்டும்; குறுஞ்செய்தி மட்டும் வெளிநாட்டில் வந்து சேரும்படி ஏற்பாடு செய்துகொண்டால் போதும்.

இனிக் கதைக்கு வருகிறேன். எல்லாச் சவாரிகளையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. பிக் தண்டர் மவுண்டன், ஸ்பிளாஷ் மவுண்டன், டாய் ஸ்டோரி மேனியா, பூ என்ற கரடியின் கதையில் தேன்குடத்தில் அமர்ந்து செல்லும் பூ ஹனி ஹண்ட் ஆகியவற்றுக்கு மொழி தேவையே இல்லை. கண் இருந்தால் போதும். 2020 செப்டம்பரில் திறக்கப்பட்ட பியூட்டி அண்ட் தி பீஸ்ட் சவாரியில் பாடல்களும் வசனங்களும் ஜப்பானியத்தில்தான் வரும் என்றாலும், கதை குழந்தைக்கு முன்பே தெரியும் என்பதால் அவள் எதையும் இழக்கமாட்டாள். என் மகன் ஜப்பானிய வசனத்துக்கு மேலே தன் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆனால் மொழியே உயிராக இருக்கும் சிலவும் உண்டு. ஜங்கிள் குரூஸ் படகை ஓட்டுபவர் கரையிலிருந்து கரைவரை நகைச்சுவையாகப் பேசிக்கொண்டே வருவார். படகு முழுவதும் சிரிக்கும்போது நாம் மட்டும் யானைப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருப்போம். டிஸ்னிலேண்டின் ஸ்டிச் என்கவுன்டரும், டிஸ்னிசீயின் டர்ட்டில் டாக்கும் திரையில் தோன்றும் பாத்திரம் பார்வையாளரோடு நேருக்கு நேர் உரையாடும் நிகழ்ச்சிகள். முன்னதை நாங்கள் விட்டுவிட்டோம். பின்னதற்கு என் தாயார் வற்புறுத்தியதால் போனோம். திரையில் இருக்கும் ஆமை ஏதோ சொல்கிறது. கூட்டம் இரு கைகளையும் தூக்கிக் கூவுகிறது. மூன்றாவது முறை என் தாயாரும் கையைத் தூக்கிவிட்டார். ஒரு சொல்லும் புரியாமல் அவர் சிரித்த சிரிப்பை நினைத்தால், இதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிஸ்னிசீயின் டவர் ஆஃப் டெரர் சவாரிக்கு மட்டும் கதையைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். இங்குள்ள கதை அமெரிக்கப் பூங்காவின் கதையன்று. ஹாரிசன் ஹைட்டவர் என்ற பெரும் பணக்காரர் உலகமெங்கும் அலைந்து, பல மக்களின் அரிய பொருள்களைப் பறித்துவந்து நியூயார்க்கில் தம் விடுதியில் குவித்து வைக்கிறார். ஷிரிக்கி உத்துண்டு என்ற சிலையைக் கைப்பற்றிப் பெருமையடித்துக்கொண்ட அவர், 1899ஆம் ஆண்டின் கடைசி இரவில் மின்தூக்கியில் ஏறியவர் ஏறியவர்தான், ஆளைக் காணவில்லை. நாம் அந்தப் பாழடைந்த விடுதியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். இவ்வளவு தெரிந்துகொண்டு போனால், முன்னறையில் ஜப்பானியத்தில் ஒலிக்கும் குரலும், திடீரென்று உயிர்பெறும் அந்தச் சிலையும் தாமாகவே விளங்கும். உங்கள் மகளின் உயரத்தை மட்டும் அளந்து பாருங்கள். இதற்கு 102 செ.மீ. இருக்க வேண்டும். ஸ்பிளாஷ் மவுண்டனுக்கு 90 செ.மீ. போதும்; ரேஜிங் ஸ்பிரிட்ஸுக்கு 117 செ.மீ. வேண்டும். வாசலில் அளவுகோல் வைத்திருப்பார்கள், அங்கே வாதம் எடுபடாது. மொழி தெரிந்தாலும் எடுபடாது.

சிபாவாசி எழுதியது:

மேலே நண்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் இந்தப் பக்கத்தில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். பெயரில் டோக்கியோ இருந்தாலும், பூங்காக்கள் இருப்பது சிபா மாநிலத்தின் உராயசு நகரில். டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15 அன்றும், டிஸ்னிசீ 2001 செப்டம்பர் 4 அன்றும் திறக்கப்பட்டன. இவற்றை நடத்துவது டிஸ்னி நிறுவனம் அன்று. அதனிடம் உரிமம் பெற்ற ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். வருகிறவர்களில் மிகப்பெரும்பாலோர் ஜப்பானியர் என்பதால்தான் எல்லாம் ஜப்பானியத்தில் நடக்கிறது; உங்களை ஒதுக்குவதற்காக அன்று.

நீங்கள் இறங்க வேண்டிய நிலையம் மாயிஹாமா. டோக்கியோ நிலையத்திலிருந்து கெய்யோ வழித்தடத்தில் ஏறினால் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். அந்த வழித்தடத்தின் நடைமேடை மட்டும் மற்ற நடைமேடைகளிலிருந்து வெகுதொலைவில், நிலத்தடியில் இருக்கிறது. மாமியாரோடு நடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையைப் படிக்கச் சிரமமாக இருந்தால் ஜேஇ 07 என்ற நிலைய எண்ணைப் பார்த்தால் போதும். பூங்காக்களைச் சுற்றி ஓடும் மோனோரயில் ஒரே திசையில்தான் செல்லும். டிஸ்னிலேண்ட் முதலில் வரும், டிஸ்னிசீ கடைசியில் வரும். நிறுத்தத்தைத் தவறவிட்டாலும் பதறாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு சுற்றில் அதே இடத்துக்கு வந்துவிடும்.

சவாரியின் வாயிலில் பணியாளர் உங்களிடம் கேட்கப்போகும் கேள்வி அநேகமாக ஒன்றே ஒன்றுதான்: "நன்மேய்-சாமா தெஸ் கா?" எத்தனை பேர் என்று பொருள். இறுதியில் வரும் 'கா' நம் மொழியில் 'வந்தானா', 'உண்டா' என்பவற்றின் 'ஆ' போல வினாவைக் குறிப்பது. ஜப்பானியத்திலும் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில்தான் வரும் என்பதால், தமிழ்க் காதுக்கு அதன் ஓட்டம் அத்தனை அந்நியமாக இருக்காது. நீங்கள் நான்கு விரலைக் காட்டுங்கள். அவரும் நான்கு விரலைக் காட்டி, நிற்க வேண்டிய வரிசையின் எண்ணைத் திறந்த உள்ளங்கையால் சுட்டுவார். பாதுகாப்பு அறிவுரையும் பாதி சைகையில்தான் நடக்கும். தொப்பி, கண்ணாடி, பை ஆகியவற்றுக்குப் படங்கள் இருக்கும். இருக்கைக் கம்பியை ஒவ்வொருவருக்கும் பணியாளரே தொட்டுச் சரிபார்ப்பார்.

வண்டி கிளம்பும்போது அவர்கள் இரு கைகளையும் அசைத்து "இத்தெராஷ்ஷாய்" என்பார்கள். வீட்டிலிருந்து கிளம்புகிறவருக்குச் சொல்லும் சொல் அது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் நாம் சொல்லும் 'போய்விட்டு வாருங்கள்' என்பதேதான். சவாரி முடிந்து திரும்பும்போது "ஒகாயெரினாசாய்" என்பார்கள். வந்துவிட்டீர்களா என்று வீட்டு வாசலில் கேட்பது போல. மாமியாருக்கு இந்த இரண்டு சொற்களையும் முன்பே சொல்லி வையுங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு, எல்லோரையும்விட இவை நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

குழந்தை தவறிப்போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்பு வரும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பெயர் வில்லை அணிந்த எந்தப் பணியாளரிடம் "மாயிகோ" என்று சொன்னாலும், குழந்தையைக் காணவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். தனியாக நிற்கும் குழந்தையை அவர்கள் காணாமற்போனோருக்கான மையத்துக்கு அழைத்துச் செல்வார்கள். காலையில் பூங்காவுக்குள் நுழைந்தவுடன் மகளை முழு உடையோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் காட்டினால் நிறம், உயரம், சட்டை என்று எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதி அவள் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அஞ்ச வேண்டாம். நிலநடுக்கத்தை உணர்ந்தால் சவாரிகள் நின்றுவிடும். அப்போது பணியாளர் என்ன செய்கிறாரோ அதையே செய்யுங்கள். அவர் குனிந்து தலையை மறைத்தால் நீங்களும் மறையுங்கள். 2011 மார்ச் 11 அன்று பெரும் நிலநடுக்கம் வந்தபோது இரு பூங்காக்களிலும் ஏறத்தாழ 70,000 பேர் இருந்தார்கள். தலையைக் காத்துக்கொள்ளக் கடைகளிலிருந்த பொம்மைகளையே பணியாளர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கு மொழி தேவைப்பட்டிருக்காது.

தென்றல்வீதி எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. முதன்முறையாக ஒரு முதியவரையும் குழந்தையையும் அழைத்துச் செல்பவர்களுக்கு ஹாங்காங் பூங்காவே ஏற்றது. 2005இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் கான்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் புழங்குகின்றன. அங்குள்ள காட்டுப் படகுச் சவாரியில் மொழிக்கு ஒரு வரிசை என்று மூன்று வரிசைகளே வைத்திருக்கிறார்கள். படகோட்டியின் நகைச்சுவை புரிந்து, உரிய இடத்தில் சிரித்துவிட்டு வரலாம். டோக்கியோவில் அந்த வசதி கிடையாது. பணத்தையும் கொடுத்துவிட்டு ஊமை நாடகம் பார்ப்பானேன்?

நடைவழி எழுதியது:

தென்றல்வீதி அவர்களே, படகுச் சவாரியைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். ஆனால் டிஸ்னிசீ போன்ற பூங்கா ஹாங்காங்கில் இல்லை. நடுவே எரிமலை, அதைச் சுற்றித் துறைமுகங்கள், இவற்றோடு 2024 ஜூன் 6 அன்று திறக்கப்பட்ட ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் என்ற புதிய பகுதி என்று பார்ப்பதற்கே ஒரு நாள் போதாது. நகைச்சுவை ஒன்று புரியவில்லை என்பதற்காக அவ்வளவையும் விட்டுவிட வேண்டுமா? தவிர, அவர்கள் ஜப்பானுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்கள் என்றே படித்தேன்.

வைகறைப்பறவை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆம், விமானச் சீட்டு எடுத்தாயிற்று. ஹாங்காங்கை வேறொரு முறை பார்த்துக்கொள்கிறோம். ஹைட்டவர் கதையை மகளுக்கு நேற்றிரவு சொன்னேன். சிலையின் பெயரை மட்டும் பத்து முறை கேட்டுவிட்டாள்.

ஒன்றை முன்பே எழுத மறந்துவிட்டேன். மாமியார் முட்டைகூடச் சாப்பிடாத சைவர். "இறைச்சி வேண்டாம்" என்பதற்கான ஜப்பானியச் சொல்லைக் கற்றுக்கொண்டால் போதுமா?

தூதுவளை எழுதியது:

போதாது, அம்மா. நானும் சைவம் என்பதால் அனுபவத்தில் சொல்கிறேன். "நிக்கு" என்றால் இறைச்சி, "நிக்கு நாஷி" என்றால் இறைச்சி இல்லாமல். இதை மட்டும் சொன்னால் மீன் வரும். சில இடங்களில் பன்றித் துண்டுகள் தூவிய சாலட்கூட வரும், ஏனென்றால் பேச்சுவழக்கில் அவற்றை 'நிக்கு' என்ற சொல்லுக்குள் பலர் அடக்குவதில்லை. இவற்றையெல்லாம் தாண்டினாலும் 'தாஷி' என்ற சாறு இருக்கிறது. சூப், குழம்பு, நூடுல்ஸ் என்று பலவற்றுக்கும் அடிப்படை அதுதான்; பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுப்பது, கண்ணுக்குத் தெரியாது. பார்ப்பதற்குச் சைவம் போலிருக்கும் ஜப்பானியக் கறிக் குழம்பிலும் இறைச்சிச் சாறோ கொழுப்போ கலந்திருப்பது வழக்கம். பூங்காவின் உணவகங்களுக்கும் இது பொருந்தும் என்று வைத்துக்கொண்டே நடப்பது நல்லது.

ஆகவே சொல்லைக் கற்பதைவிட ஓர் அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, கோழி, மீன், இறால் முதலியவை, முட்டை, மீன் சாறு, இறைச்சிச் சாறு, விலங்குக் கொழுப்பு ஆகிய எட்டையும் தனித்தனி வரியில், சாப்பிடமாட்டேன் என்ற குறிப்போடு, ஜப்பானிய எழுத்தில் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானியம் அறிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்; இயந்திர மொழிபெயர்ப்பில் 'சாப்பிடமாட்டேன்' என்பது 'சாப்பிடக் கூடாது' என்று மாறிவிடுவதுண்டு. அட்டையைக் கண்டதும் பணியாளர் உள்ளே சென்று, பொருள்களின் பட்டியலைக் கொண்டுவந்து உங்களோடு சேர்ந்து பார்ப்பார். நேரம் எடுக்கும். எனவே பன்னிரண்டு மணிக் கூட்டத்தில் போகாமல், பத்தரைக்கோ இரண்டரைக்கோ போங்கள்.

வெளியிலிருந்து சாப்பாட்டைப் பூங்காவுக்குள் கொண்டுபோய் உண்ண அனுமதியில்லை. குழந்தை உணவுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களின் உணவுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆனால் வாயிலுக்கு வெளியே, கட்டுச்சோறு உண்பதற்கென்றே மேசை நாற்காலிகளோடு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் காலையில் விடுதியிலேயே எலுமிச்சைச் சோறு கிளறி, ரயில் நிலையத்தில் காசு போட்டுப் பூட்டும் பெட்டகத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மதியம் வெளியேறும்போது, திரும்ப வருவேன் என்று வாயிலில் இருந்தவரிடம் சைகையால் தெரிவித்தேன். சாப்பிட்டுவிட்டு அன்றே மறுபடியும் உள்ளே போக முடிந்தது. மாமியாருக்கும் அந்த ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்காரக் கிடைக்கும்.

சிபாவாசி எழுதியது:

தூதுவளை அவர்கள் சொன்ன அட்டையை நானே எழுதித் தருகிறேன், தனிச்செய்தியில் கேளுங்கள். மாமியார் பாலும் தயிரும் சாப்பிடுவாரா என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அதற்கு ஒரு வரி சேர்க்க வேண்டும்.